கேன் தண்ணீரில் ஓர் ஆக்ஸலாட்டில்

மகள் வேலைக்காகப் பெங்களூர் போனபோது என் பொறுப்பில் விட்டுப் போனது ஓர் ஆக்ஸலாட்டில். மெக்சிகோ நகரத்து ஏரிகளில் வாழும், பல்லி உருவத்துத் தண்ணீர்ப் பிராணி. அங்கேயே இப்போது காணக் கிடைப்பதில்லையாம். சேலையூரில் எங்கள் வீட்டில் ஒன்று இருந்தது. விரல் நீளம், வெளிறிய இளஞ்சிவப்பு, கழுத்தைச் சுற்றி இறகு மாதிரிச் செவுள்கள்.

இதன் உறவுப் பிராணிகள் வளர்ந்ததும் செவுளை உதிர்த்துக் கரையேறிவிடும். இது ஏறாது. குஞ்சு உருவத்திலேயே வயதாகி, முட்டையிட்டு, தண்ணீரிலேயே முடிந்துபோகும். கால் போனால் புதுக்கால் முளைக்கும். முழங்காலில் தைலத்தோடு அலையும் நான் இதைப் படித்துவிட்டு இரண்டு நாள் பொறாமையில் இருந்தேன்.

குளிர்ச்சி வேண்டுமென்று ஏசி அறையை அதற்குக் கொடுத்தேன். மகள் தினமும் ஏழு மணிக்குக் கூப்பிடுவாள். "சாப்டுச்சாப்பா?" என்னைப் பற்றியல்ல. மனைவி தவறியபிறகு எங்களுக்குள் பேச்சு சுலபமாக வந்ததில்லை. இந்தப் பிராணியின் தயவில் பத்து நிமிடம் பேசினோம்.

மகள் அதற்கு வீட்டு போர்வெல் தண்ணீர்தான் ஊற்றிவந்தாள். பக்கெட்டில் வெள்ளையாய்ப் படியும், தலைமுடியைக் கொட்டவைக்கும் தண்ணீர். எனக்கு மனசு கேட்கவில்லை. குடிக்கிற கேன் தண்ணீருக்குச் சொன்னேன்.

கேன் போடுகிறவர் தொட்டியை எட்டிப் பார்த்தார். "இன்னா சார், பல்லிக்கா கேன் தண்ணி?"

"பல்லி இல்லண்ணா. வெளிநாடு."

"அப்ப சரி. அவங்களுக்கு நம்ம தண்ணி ஒத்துக்காது."

மூன்று வாரத்தில் செவுள் சுருங்கியது, உடம்பு ஊதியது, சாப்பாட்டைத் தொடவில்லை. மகளிடம் "சாப்டுச்சு" என்றேன். நான்கு நாள் அப்படியே சொன்னேன். ஐந்தாம் நாள் காலை அது மல்லாந்து கிடந்தது.

வளர்ப்பு மீன் விற்கும் கடையில் போய்ச் சொன்னதும் கடைக்காரர் தலையில் கைவைத்தார். "கேன் தண்ணில இன்னா சார் கீது? உப்பெல்லாம் எடுத்துட்டுதான அடைக்கிறான். இதுக்கு உப்பு வோணும். நம்ம போர் தண்ணியே தோதா இருந்திருக்கும். யாரு மாத்தச் சொன்னது?"

யாரும் சொல்லவில்லை.

அன்று ஏழு மணிக்கு எல்லாவற்றையும் சொன்னேன். கேன், பொய், எல்லாம். "சாப்டாத மொத நாளே சொல்லிருந்தா தண்ணிய மாத்தச் சொல்லிருப்பேன்ப்பா" என்றாள். அழுகிறாளா என்று தெரியவில்லை. "சரி, வைக்கிறேன்."

மறுநாள் ஏழு மணிக்கு ஃபோன் வரவில்லை. ஏழரைக்கு நானே கூப்பிட்டேன்.

"சொல்லுப்பா."

"சும்மாதாம்மா" என்றேன்.