மோர்க்காரியின் ஏழு வருகைகள்

தமிழ் இலக்கியம் படித்தவர்கள் தப்பிக்கவே முடியாத ஒரு பழைய நாவல். அதில் ஒரு மோர்க்காரி வருவாள். பெயர் கிடையாது. பானையோடு தெருவில் போவாள், இரண்டு வார்த்தை பேசுவாள், அவ்வளவுதான். ஆனால் அவள் வந்து போன பிறகு அந்தத் தெருவில் ஏதாவது கெட்டது நடக்கும். என் முனைவர் பட்ட ஆய்வேடு முழுக்க இவளைப் பற்றித்தான். இவள் விதியின் குறியீடு என்று நிறுவியிருந்தேன். மோரின் வெண்மைக்கு மட்டும் பதினோரு பக்கம். புளிப்புக்கு நான்கு.

திண்டுக்கல்லில் ஒரு கல்லூரியில் தற்காலிக விரிவுரையாளராக ஒன்பது வருடம் ஓட்டியிருந்தேன். பட்டம் வந்தால் வேலை நிரந்தரம். வராவிட்டால் அடுத்த ஜூனில் வீட்டில் உட்கார வேண்டியதுதான். மோர்க்காரியை விட்டால் எனக்கு வேறு கதி இல்லை.

ஆய்வுக்காக நாவலை எனக்கு வாசித்துக் காட்டியவள் அக்கா. பத்தாவதோடு நின்றவள். சர்ச்சில் ஞாயிறு பூசையில் பைபிள் வாசகம் வாசிப்பதால் உச்சரிப்பு சுத்தமாக இருக்கும். விடைத்தாள் திருத்திக் கண் எரிகிறது என்று நான் கண்ணை மூடிப் படுத்துக்கொள்வேன். மோர்க்காரி வரும்போது மட்டும் எழுந்து குறித்துக்கொள்வேன். ஏழு முறை வந்தாள். ஏழு நல்ல எண். இயலுக்குத் தலைப்பும் கிடைத்துவிட்டது.

பட்டத்துக்கு முந்தைய பொது வாய்மொழித் தேர்வில் யார் வேண்டுமானாலும் கேள்வி கேட்கலாம். யாரும் கேட்க மாட்டார்கள். சபை ஊமையாக இருந்தால் நெறியாளருக்கு அவமானம் என்பதால், கேள்விகளை நாமே எழுதி நாலு பேரிடம் சீட்டாகக் கொடுத்து வைப்பது வழக்கம். நானும் கொடுத்தேன். நாலாவது சீட்டுக்கு உரிய நண்பன் சிறுமலையிலிருந்து காலையில் போன் செய்தான்.

"மாப்ள, பஸ்சு வரல. நடந்தா வாரது?"

அந்தக் கேள்வியை இன்னொரு சீட்டில் எழுதி அக்காவிடம் கொடுத்தேன். மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

முதல் மூன்று கேள்விகளும் ஒழுங்காக வந்தன. ஒவ்வொன்றுக்கும் திகைத்து, யோசித்து, பதில் சொன்னேன். பிறகு அக்கா எழுந்தாள். கைப்பையைத் திறக்கவில்லை.

"அந்த மோர்க்காரிக்குக் கடைசியில என்ன ஆச்சு?"

இது நான் எழுதிக் கொடுத்த கேள்வி இல்லை. ஆனாலும் அசரவில்லை. குறியீடுகளுக்கு முடிவு கிடையாது, அவள் வந்துகொண்டே இருப்பாள், அதுதான் நாவலாசிரியரின் உத்தி என்றேன். பின்வரிசையில் யாரோ கைகூடத் தட்டினார்கள்.

"இல்லப்பு, அவ செத்துப் போயிருவா. காலரா வந்த வருசம். போனவுகளச் சொல்ற எடத்துல அவளும் இருக்கா."

வெளியூரிலிருந்து வந்திருந்த புறத்தேர்வாளர் நாவலைப் புரட்டினார். பக்கத்தைக் கண்டுபிடித்து உரக்க வாசித்தார். பாதி வரிதான். அதில் மோர்க்காரி இருந்தாள். நான் வருகைகளைத்தான் குறித்திருந்தேன். சாவு அதில் சேராது.

"அம்மா எந்தக் கல்லூரியில இருக்கீங்க?" என்று அக்காவிடம் கேட்டார்.

"வீட்லதான் இருக்கேன் சார்."

ஓர் இயலைத் திருத்தி எழுத வேண்டும் என்ற நிபந்தனையோடு பட்டத்துக்குப் பரிந்துரைத்தார்கள். எல்லோரும் கைகொடுத்தார்கள். நானும் பல்லைக் காட்டினேன்.

வடமதுரைக்குத் திரும்பும் பஸ்ஸில் அக்காவிடம் எரிந்து விழுந்தேன்.

"எழுதிக் குடுத்ததக் கேட்டா என்னக்கா? எம் பொழப்பே போயிருக்கும்ல? தெரிஞ்சிருந்தா வீட்லயே சொல்லித் தொலைக்க வேண்டியதுதான?"

அக்கா ஜன்னல் பக்கமிருந்து என்னிடம் திரும்பினாள்.

"அந்த எடத்துல எனக்கு அழுக வந்துருச்சு. வாசிக்க முடியாம நின்னுட்டேன். நீ கண்ணத் தொறக்காமயே, 'மோர்க்காரி வந்தாளா?'ன்ன. வரலன்னேன். 'அப்ப மேல படி'ன்ன."

கோபம் போன இடம் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது.