மாடியறை வெளிநாடு

அந்த மாளிகையின் ஒரே மகள் மூன்று வருடங்களாக வெளிநாட்டில் ஓவியம் படித்துக்கொண்டிருந்தாள். அப்படித்தான் அவள் அம்மா தன் வட்டத்துப் பெண்மணிகளிடம் சொல்லி வைத்திருந்தாள். உண்மையில் அவள் அதே வீட்டு மாடியறையில் இருந்தாள். தினமும் பின்கேட் வழியாக நழுவி, சந்தைக்குப் பின்னாலிருந்த பட்டறை ஒன்றில் பொய்ப்பல் செய்தாள். மெழுகு உருக்கி, ஒவ்வொரு பல்லாகப் பதித்து, தேய்த்து மெருகேற்றுவாள். கூட வேலை பார்த்தவர்கள் அவளுக்கு வைத்த பெயர் ‘மகாராணி’. கேலிதான். ஆனால் அங்கேதான் அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

நம் வீட்டுப் பெண் ஊரார் எச்சிலைத் தொடுவதா என்று அம்மா கொதித்ததில் பிறந்த பொய் அது. விருந்தாளிகள் வந்தால் அவள் கீழே இறங்கக் கூடாது. தும்மலைக்கூடத் தலையணைக்குள் புதைக்க வேண்டும். அப்பாவுக்காகப் பொறுத்துக்கொண்டாள். அவர் வாயிலிருந்த அத்தனை பல்லும் அவள் கைவேலை.

“என் சிரிப்பே எம்மக போட்ட பிச்சை” என்று மாடியேறி வந்து ரகசியமாகச் சொல்வார்.

ஒரு நாள் பல்செட் ஈறில் உரசுகிறது என்றார். பட்டறைக்கு எடுத்துப்போய்ச் சரிசெய்து மாலையே கொண்டுவந்துவிட்டாள். அதற்குள் வீட்டில் விருந்து தொடங்கியிருந்தது. பல்லில்லாத அப்பா, காய்ச்சல் என்று சொல்லித் தன் அறையிலேயே படுத்துவிட்டார். கடைசிக் கார் கிளம்பட்டும் என்று மாடியில் காத்திருந்தவள் அப்படியே கண்ணயர்ந்துவிட்டாள்.

விடிந்தபோது அப்பா இல்லை. தூக்கத்திலேயே மாரடைப்பு. பதறிக்கொண்டு இறங்கியவளை அம்மா படியிலேயே மறித்தாள். வாசலில் கார்கள் வரத் தொடங்கியிருந்தன.

“இப்போ இறங்காதே. நீ பதினோரு மணி விமானத்துல வர்றேன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்.”

அவள் கையிலிருந்த டப்பாவை நீட்டினாள். “பல்லை வைக்கணும்மா. தாடை இறுகிட்டா அப்புறம் வைக்கவே முடியாது. அஞ்சு நிமிஷம் போதும். உன் கால்ல வேணா விழறேன்.”

“நாலு பேர் முன்னாடி அவர் வாயைத் திறக்கச் சொல்றியா? இத்தனை நாள் கட்டிக் காத்த மானம் இன்னிக்குப் போகணுமா?”

அம்மாவின் கண்களிலும் நீர்தான். ஆனால் அவள் விரல் பின்கதவைக் காட்டியது.

டிரைவர் அவளையும் ஒரு காலிப் பெட்டியையும் ஏற்றிக்கொண்டு தெருத்தெருவாகச் சுற்றினார். திரும்பி வந்து வாசலில் நிறுத்தும்போது, “கனமா இருக்கிற மாதிரி தூக்குங்கம்மா” என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல்.

கூடத்தில் அப்பா கிடந்தார். கன்னம் குழிந்து, உதடு உள்ளே மடிந்து, வேறு யாரோ போல. அவள் மண்டியிட்டுத் தாடையில் கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். கல்லாக இருந்தது.

ஒரே ராத்திரியில் இப்படிக் கிழடு தட்டிவிட்டாரே என்று யாரோ அங்கலாய்த்தார்கள். அம்மாவின் வட்டத்திலிருந்த நீதிபதியின் மனைவி அவள் தோளைத் தொட்டு, விமானம் தாமதமா என்று விசாரித்தாள்.

“நான் எங்கேயும் போகலை. மூணு வருஷமா இந்த மாடியிலதான் இருக்கேன். பொய்ப்பல் செய்யறதுதான் என் வேலை. இது அப்பாவோடது.” டப்பாவைத் திறந்து காட்டினாள்.

அம்மா மெல்ல வந்து, மகள் தலையைத் தன் மார்போடு சாய்த்துக்கொண்டாள்.

“அப்பா செல்லம். அதிர்ச்சியில என்ன பேசறோம்னே தெரியலை, பாவம்.”

எல்லாரும் தலையாட்டினார்கள். இரண்டு பெண்கள் அவளைக் கைத்தாங்கலாக மாடிக்கு அழைத்துப் போனார்கள். வெளிநாட்டுப் படிப்பு பிள்ளைகளை எப்படியெல்லாம் ஆக்கிவிடுகிறது என்று யாரோ பெருமூச்சு விட்டது, அறைக்கதவு சாத்தப்படும் வரை அவளுக்குக் கேட்டது.