சிறிதாக்கும் விகுதி

கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில், ஒரு மாடி அறையில் ஜேர்மன் மொழி படிப்பிக்கிறேன். வருகிறவர்களில் அநேகர் கலியாணம் எழுதிவிட்டு விசாவுக்குக் காத்திருக்கும் பெண்கள். சோதனை பாஸானால் அவர்களுக்குப் போதும். ஒரு சொல் எங்கிருந்து வந்தது என்று என்னிடம் கேட்டவள் ஒருத்திதான்.

கிருலப்பனையிலிருந்து பஸ்ஸில் வருவாள். உயர்தரப் பரீட்சை எழுதிப் பல்கலைக்கழக அனுமதிக்குக் காத்திருந்தாள். அதற்கிடையில் ஜேர்மனியின் தெற்கில் இருந்த ஒருவருடன் கலியாணப் பதிவும் முடிந்திருந்தது. ‘மேட்ஷென்’ என்றால் சிறுமி, ஆனால் அது ஆணுமல்லாத பெண்ணுமல்லாத பால் என்று நான் சொன்னபோது மற்றவர்கள் எழுதிக்கொண்டார்கள். அவள் எழுதவில்லை.

“ரீச்சர், பொம்பிளைப் பிள்ளை எப்பிடி அஃறிணை?”

“பிள்ளையில பிழையில்லை. பின்னால நிக்கிற ‘ஷென்’தான் காரணம். அது ஒட்டினா எதுவும் சின்னதாகும், அஃறிணையுமாகும். நாங்களும் ‘குழந்தை அழுகுது’ எண்டுதானே சொல்லுறம்?”

அவள் சிரித்தாள். அன்றிலிருந்து வகுப்பு முடிந்தும் போகமாட்டாள். ‘மேட்ஷென்’ என்பதன் அடிச்சொல் ஒருகாலத்தில் இளம்பெண்ணைக் குறித்தது. இன்று அதற்கு வேலைக்காரி என்ற பழைய பொருள்தான் மிச்சம் என்று சொன்னேன். அவள் முகம் வாடிவிட்டது. அந்த ‘ஷென்’னின் பழைய வடிவம் ஆங்கிலத்தில் ‘கின்’ ஆகி நாப்கினில் இருக்கிறது, சின்னத் துணி என்ற பொருளில். இத்தாலிய மொழியில் வேறு வழக்கம்: ஆணுக்கு ‘இனோ’, பெண்ணுக்கு ‘இனா’. சிறிதாக்கினாலும் பாலைப் பறிப்பதில்லை.

“அப்ப இத்தாலிக்காரர் மரியாதை தெரிஞ்ச ஆக்கள்,” என்றாள்.

சித்திரைப் புத்தாண்டுக்குப் பக்கத்து வீட்டுச் சிங்கள அம்மா கொடுத்த கொக்கிஸ் கொண்டுவந்தாள். அச்சில் தோய்த்துப் பொரித்த அந்தப் பலகாரத்தின் பெயரே ஒல்லாந்தர் விட்டுப்போனதுதான் என்றேன். அவர்களுடைய டச்சு மொழியில் ‘கூக்’ என்றால் கேக். ‘யெ’ சேர்த்தால் சின்னக் கேக். அந்த ‘யெ’யும் ‘ஷென்’னும் ஒரே குடும்பம். கையிலிருந்த துண்டைக் கடிக்காமல் அவள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

களனிப் பல்கலைக்கழகத்தில் மொழியியல் படிக்க அவளுக்கு இடம் கிடைத்தது. கொஞ்ச நாளில் விசாவும் வந்தது. ஒன்றைத்தான் எடுக்கலாம். தாயோடு கதைக்க நான் அவர்கள் வீட்டுக்குப் போனேன்.

“படிப்பு முடியுமட்டும் மாப்பிள்ளை பாத்துக்கொண்டிருப்பாரோ ரீச்சர்? அங்க போய்ப் படிக்கலாம் எண்டு அவரே சொல்லியிருக்கிறார்,” என்றார் தாய். குரலில் கோபமில்லை, பயம்தான் இருந்தது. தகப்பன் இல்லாத வீடு. தேத்தண்ணியோடு வந்த அவளைப் பார்த்தேன்.

“நான் போறன் ரீச்சர். அம்மா நித்திரையில்லாமல் கிடக்கிறா.”

போனாள். முதல் குளிர்காலத்தில் அழைத்தாள். ஒரு பேக்கரியில் பாணும் கேக்கும் விற்கும் வேலை.

“‘புரோட்ஷென்’ எண்டா இங்க சிரிக்கினம் ரீச்சர். ‘வெக்லெ’ எண்டுதான் சின்னப் பாணைக் கேக்கினம். எல்லாத்துக்கும் பின்னால ஒரு ‘லெ’.”

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அது ‘லைன்’ என்ற இன்னொரு விகுதி தேய்ந்து வந்தது, தெற்கில் அதுதான் செல்வாக்கு என்று சொல்லத் தொடங்கினேன். “ஆக்கள் வந்திட்டினம் ரீச்சர், வைக்கிறன்,” என்றாள்.

பிறகு அழைப்புகள் குறைந்தன. மகள் பிறந்தாள். படிப்பு பற்றிக் கேட்டால், முதலில் “மொழி இன்னும் நல்லா வரட்டும்” என்பாள்; பிறகு “பிள்ளை வளரட்டும்” என்றாள். களனியில் அவள் விட்டுவிட்டுப் போன இடத்தில் யாரோ படித்துப் பட்டமும் வாங்கியிருப்பார்கள். அந்தப் பக்கம் பஸ்ஸில் போகும்போதெல்லாம் எனக்கு அது தோன்றும். அன்று அந்த வீட்டில் இன்னும் ஒரு மணித்தியாலம் இருந்து கதைத்திருந்தாலும் எதுவும் மாறியிருக்காது. ஆனாலும் மனம் கேட்பதில்லை.

போன மாதம் கதைத்தபோது பின்னால் மகள் கத்துவது கேட்டது. “அம்மாலெ! அம்மாலெ!”

“என்ன சொல்லுறாள்?” என்றேன்.

“எல்லாத்துக்கும் ‘லெ’ போடுறாள். பாலர் பாடசாலையில பழகினது.”

தமிழ்ச் சொல்லின் பின்னால் அந்த விகுதி ஒட்டியிருப்பதை முதன்முதலாகக் கேட்டேன். அவள் ஏதாவது கேட்பாள் என்று காத்திருந்தேன்.

“பிள்ளைக்குச் சோறு தீத்த வேணும் ரீச்சர்,” என்றாள்.

“ஓம், ஓம், போங்கோ,” என்றேன்.