ஃபேனை நிறுத்திய மத்தியானம்

அப்பா பிரெஞ்சுப் படையில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்து ஓய்வு பெற்றவர். கண்புரை அறுவை முடிந்து வீடு திரும்பிய அன்றே, "நான் போனதும் கண்ண குடுத்துடணும்மா. உன்ன நம்பித்தான் சொல்றேன்," என்றார். அதன் பிறகும் அடிக்கடி நினைவுபடுத்துவார்.

இரண்டாயிரமாம் ஆண்டுக்குப் பிந்தைய ஒரு கத்திரி வெயில் மத்தியானம். சாரம் பகுதியில் இருந்த எங்கள் வீட்டில் சாப்பிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. பக்கத்துத் தெரு டாக்டர் வந்து பார்த்துவிட்டுத் தலையசைத்தார். நான் அழுவதற்கு முன் கண் வங்கிக்குப் போன் செய்தேன். எடுத்த பெண் நிதானமாகப் பேசினாள்.

"ஆறு மணி நேரத்துக்குள்ள எடுத்தாகணும். கண்ண மூடி மேல ஈரப்பஞ்சு வைங்க. தலைய கொஞ்சம் தூக்கி வைங்க. ஃபேன நிறுத்திடுங்க, காத்து பட்டா கருவிழி காஞ்சிடும்."

நிறுத்தினேன். துக்கத்துக்கு வந்தவர்கள் வியர்வையில் நெளிந்தார்கள். அப்பாவின் தங்கை தவளக்குப்பத்திலிருந்து வந்ததும் நேரே போய் சுவிட்சைப் போட்டாள்.

"ஏன்டி, எங்க அண்ணன இந்தப் புழுக்கத்துலயா போட்டு வெச்சிருக்க?"

மறுபடி நிறுத்திவிட்டுக் காரணத்தைச் சொன்னேன்.

"கண்ணில்லாமலா அனுப்பப் போற?" என்று அத்தை மாரில் அடித்துக்கொண்டாள். நான் சுவிட்சை மறைத்துச் சுவரோடு சாய்ந்து நின்றேன்.

பாரீஸிலிருந்து என் அண்ணன் போனில் பேசினான். "நான் வந்து மூஞ்சப் பாக்குற வரைக்கும் ஒண்ணும் செய்யாத."

"நீ வர்ற வரைக்கும் கண்ணு தாங்காதுண்ணா. அப்பா எங்கிட்டத்தான் கேட்டாரு. நான் குடுக்கறேன்."

"சரி, குடு," என்று வைத்துவிட்டான்.

கண் வங்கியிலிருந்து டாக்டரம்மாவும் ஓர் உதவியாளரும் வந்தார்கள். கதவைச் சாத்திக்கொண்டு வேலையை முடித்தார்கள். வெளியே வந்த டாக்டரம்மா, இளஞ்சிவப்புத் திரவம் இருந்த சின்னக் குப்பி இரண்டைக் காட்டினார்.

"முன்னெல்லாம் முழுக் கண்ணையும் பாட்டில்ல போட்டு ஐஸ்ல வெச்சு எடுத்துட்டு ஓடுவாங்க. ஒரு நாளுக்குள்ள பொருத்தியாகணும். ஆள் கெடைக்கலன்னா வீண்தான். இப்ப இந்தத் திரவத்துல கருவிழி நாலு நாள் வரைக்கும் தாங்கும். நல்லா சோதிச்சுட்டுப் பொறுமையா வெக்கலாம்."

அவர்கள் குப்பிகளை ஐஸ் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு கிளம்பிய பிறகுதான் நான் உட்கார்ந்து அழுதேன்.

அண்ணன் வந்து சேர்ந்ததும் குனிந்து அப்பாவின் இமைகளைத் தொட்டுப் பார்த்தான். "தூங்கற மாதிரிதான் இருக்காரு," என்றான்.

காரியம் முடிவதற்குள் கண் வங்கியிலிருந்து போன் வந்தது. ஒரு கருவிழியை ஒருவருக்குப் பொருத்திவிட்டார்கள். மற்றது அதற்குத் தகுதியாக இல்லை. பயிற்சி மருத்துவர்கள் கற்றுக்கொள்ள வைத்துக்கொண்டார்களாம். மனசு கொஞ்சம் சுருங்கியது. அத்தையிடம் இரண்டையுமே மறைக்காமல் சொன்னேன்.

"யாருக்கு வெச்சாங்களாம்?"

"அத சொல்ல மாட்டாங்க அத்த."

அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அந்தக் கண் வங்கி நம்பர எனக்கும் எழுதிக் குடு," என்றாள்.