ஆறடிப் புதுச் சீமெந்து

அழுக்குச் சுவரைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க எனக்குத் தெரியாது. பயந்து பயந்து இருந்த காலத்திலும் தெரியாது. யுத்தம் நடந்த அந்த வருடங்களில் நாங்கள் குடியிருந்தது வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஓர் ஒழுங்கையில். ரயில் போகும்போதெல்லாம் சுவரில் இருந்து சுண்ணாம்பு உதிரும் பழைய வீடு. வீட்டுக்காரர் கனடாவுக்குப் போய்விட்டார். போகிற அன்று, "உங்களுக்குப் பிடிச்ச மாதிரித் திருத்தி இருங்கோ, நான் ஒண்டும் கேக்கமாட்டன்" என்று சொல்லி வீட்டுத் திறப்பைத் தந்தார். அவர் கேட்கவில்லைதான். கேட்கிறவர்கள் வேறு ஆட்களாக இருந்தார்கள்.

வீட்டில் நானும் என் கணவரும் மட்டும். இரண்டு பேருக்கும் கந்தோர் வேலை. மேசனைப் பிடிக்க வசதியில்லை. வசதி இருந்திருந்தாலும் பிடித்திருக்கமாட்டோம். வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று பொலிஸில் பதிந்த துண்டில் இருந்தது எங்கள் இரண்டு பேருடைய பெயர். மூன்றாவதாக ஓர் ஆள் வாளியோடு நின்றால் அவர் யார், எந்த ஊர், எத்தனை நாளாக நிற்கிறார் என்று கேள்வி வரும். அவருடைய அடையாள அட்டைக்கும் நாங்கள்தான் பதில் சொல்லவேண்டும். ஆகவே எல்லாவற்றையும் நாங்களே செய்வது என்று முடிவெடுத்தோம். முடிவெடுத்தது நான். அவர் தலையாட்டினார்.

முதலில் சுவர். பாசிப்பச்சை நிறத்தில் யாரோ ஒரு காலத்தில் அடித்த பெயின்ற், பொருக்குப் பொருக்காக எழும்பி நின்றது. பழைய கறிக்கத்தியால் சுரண்டினோம். தலை, மூக்கு, சோற்றுப்பானை எல்லாம் பச்சைத் தூள். கடையில் மிஞ்சிப்போன பெயின்ற் ரின்கள் மலிவாகக் கிடைத்தன. மூன்று நிறத்தைக் கலந்தால் கிறீம் நிறம் வரும் என்று நான் அடித்துச் சொன்னேன். வந்தது காய்ச்சல்காரன் முகத்து நிறம். "நல்லாத்தான் இருக்கு" என்றார் அவர், சுவரைப் பார்க்காமலே.

குண்டு வெடித்தால் கண்ணாடி சிதறாமல் இருக்கவேண்டும் என்று ஒழுங்கை முழுவதும் ஜன்னல்களில் பெருக்கல் குறி போட்டு ரேப் ஒட்டியிருந்தார்கள். எனக்கு அந்தக் கோலம் சகிக்கவில்லை. அடிமட்டம் வைத்து அளந்து, சாய்சதுரம் சாய்சதுரமாக ஒட்டினேன். வந்து பார்த்தவர்கள் நல்ல வடிவு என்றார்கள். அதை ஒட்டிய அன்று பயத்தில் நாலு தரம் பிரித்து ஒட்டினேன் என்பதை நான் சொல்லவில்லை. முதல் நாள் பின்னேரம் கோட்டைப் பக்கம் வெடித்த சத்தம் எங்கள் குசினி வரைக்கும் வந்திருந்தது.

திரைச்சீலை என்னுடைய பழைய வொயில் சேலைகளில் தைத்தது. அதைத் தொங்கவிடக் கம்பி வாங்காமல் பிளாஸ்ரிக் தண்ணீர்க்குழாய் வாங்கினோம், அதுதான் மலிவு. ஆறடிக் குழாய் இரண்டைத் தூக்கிக்கொண்டு காலி வீதியால் நடந்து வந்த என் கணவரைச் செக்பொயின்றில் மறித்தார்கள். ஒரு பொலிஸ்காரர் குழாயைக் கண்ணில் வைத்து, அந்தப் பக்கத்தால் வானத்தைப் பார்த்தார். பிறகு மற்ற முனையைத் திருப்பி என் கணவரைப் பார்த்தார். என்னத்துக்கு, எங்கே பூட்ட, யார் வீடு என்று முக்கால் மணித்தியாலம். வீட்டுக்கு வந்தவர் குழாயைச் சுவரில் சாத்திவிட்டு, "இனி நீட்டுச் சாமான் ஒண்டும் என்னட்டை வாங்கச் சொல்லாதையும்" என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

வீட்டைப் புதுப்பிக்கிறவர்கள் பழையதைக் கழிக்கவும் வேண்டும். கழிக்கச் சொல்லி அவர் என்னிடம் கேட்ட சாமான் ஒன்றே ஒன்றுதான். என் தம்பியின் படம்.

தம்பி இயக்கத்துக்குப் போனவன். போய் இரண்டு வருடத்துக்குப் பிறகு, வன்னியிலிருந்து வந்த ஒரு பெண் சேலைக் கொய்யக மடிப்புக்குள் மறைத்து ஒரு படமும் மூன்று கடிதமும் கொண்டுவந்து தந்தார். படத்தில் அவன் சீருடையோடு நின்றான். பல் தெரியச் சிரிப்பு. கடிதங்களில் ஒன்றுமில்லை, சாப்பிட்டீங்களா, சுகமா, எனக்கு அம்மன் கோயில் மோதகம் சாப்பிட ஆசையாயிருக்கு என்று எழுதியிருந்தான். ஆனால் அந்தப் படம் ஒன்று போதும், வீட்டு ஆண்பிள்ளையைக் கொண்டுபோக. கொண்டுபோனவர்களில் எத்தனை பேர் திரும்பி வந்தார்கள் என்பது ஒழுங்கையில் எல்லோருக்கும் தெரியும். "எரிச்சுப் போடும்" என்றார் என் கணவர். இரண்டு நாள் கழித்து, "எரிச்சிட்டீரோ?" என்று கேட்டார். "ஓம், எரிச்சிட்டன்" என்றேன். எரிக்கவில்லை. அவன் முகம் இருந்த ஒரே படம் அது. படத்தையும் கடிதங்களையும் பொலித்தீன் பையில் சுற்றிப் பால்மா ரின் ஒன்றுக்குள் போட்டு, அரிசிக்குள்ளும் உடுப்புக்குள்ளும் மாற்றி மாற்றி ஒளித்துக்கொண்டிருந்தேன். சோதனை என்று கேள்விப்படும்போதெல்லாம் அந்த ரின்னை நினைத்துத்தான் எனக்கு வியர்க்கும்.

கடைசியாக மிஞ்சியது கூடத்துத் தரை. சிவப்புச் சீமெந்துத் தரை; நடுவில் ஓரிடம் பள்ளமாகத் தாழ்ந்து, வெடித்து, நடக்கும்போது கால் இடறும். மருதானையில் நடைபாதையில் வாங்கிய ஒரு பழைய ஆங்கிலப் புத்தகம் எங்களிடம் இருந்தது, வீட்டைத் தானே திருத்துவது எப்படி என்று. உடைந்த இடத்தை மட்டும் பூசினால் நிற்காது, சுற்றிவர நேர்கோட்டில் வெட்டி நீள்சதுரமாக எடுத்துவிட்டுப் பூசவேண்டும் என்று அதில் படம் போட்டிருந்தார்கள். நான் சோக்கட்டியால் கோடு கீறினேன். ஆறடிக்கு இரண்டரையடி. அந்தப் புத்தகத்தை எழுதிய மனிதனுக்கு, ஒழுங்கையை அடைத்து வீடு வீடாகச் சோதிக்கும் சுற்றிவளைப்பு என்றால் என்னவென்று தெரிந்திருக்காது. தெரிந்த எனக்கும் அந்த நேரம் மூளை வேலை செய்யவில்லை.

பௌர்ணமிக்கு விடும் போயா லீவு வெள்ளிக்கிழமையில் வந்தது. அவர் இரும்பு அலவாங்கால் தரையைக் குத்தி உடைத்தார். ஒவ்வொரு குத்துக்கும் நான் படலையைப் பார்த்தேன். அடுத்த வீட்டுச் சிங்கள அம்மா மதிலால் எட்டிப் பார்த்து, "நோனா, மொனவத ஹதன்னே?" என்று கேட்டார். என்ன செய்கிறீர்கள் என்ற சாதாரணக் கேள்வி, சிரித்த முகத்தோடு. நான் எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் தரை, தரை என்று கையால் காட்டினேன். அவர் போன பிறகும் அந்தச் சிரிப்பைத் திருப்பித் திருப்பி யோசித்துக்கொண்டிருந்தேன். பயம் அப்படித்தான், நல்ல மனுசியையும் சந்தேகிக்க வைக்கும்.

தரைக்குக் கீழே மண் அரிபட்டுப் போயிருந்தது. முழங்கால் ஆழத்துக்குத் தோண்டி, உடைந்த ஓட்டுத் துண்டுகளையும் செங்கல்லையும் போட்டு நிரப்பினோம். பின்னேரம் அவர் சீமெந்து வாங்கப் போனார். குழியைப் பார்த்துக்கொண்டு நின்ற எனக்கு, இதைவிட நல்ல இடம் இந்த வீட்டில் இல்லை என்று தோன்றியது. ரின்னைக் கொண்டுவந்து, கல்லை விலக்கி, அடியில் வைத்து, மேலே மறுபடி கல்லைப் போட்டேன். அன்றைக்குத்தான் கன நாளைக்குப் பிறகு நிம்மதியாக நித்திரை கொண்டேன்.

சனிக்கிழமை காலை நான் மாக்கெற்றுக்குப் போய் வருவதற்குள் அவர் கல்லை இடித்து இறுக்கி வைத்திருந்தார். இரண்டு பேருமாகச் சீமெந்து பூசி, பலகையால் மட்டம் இழுத்து, காயாமல் இருக்க ஈரச் சாக்கை விரித்து மூடினோம். நல்ல வேலை. எங்கள் கையால் செய்ததில் கோணல் இல்லாத வேலை அது ஒன்றுதான்.

ஞாயிறு பத்து மணிபோல ஒழுங்கையின் இரண்டு பக்கத்தையும் அடைத்தார்கள். எங்கள் வீட்டுக்கு வந்தது ஒரு பொலிஸ் அதிகாரியும் இரண்டு ஆமிக்காரரும். அதிகாரி இளம் ஆள். களைத்த முகம், மரியாதையான பேச்சு. கத்துகிறவர்களைவிட அப்படிப்பட்டவர்களுக்குத்தான் நான் கூடப் பயப்படுவேன். பதிவுத் துண்டு சரி, அடையாள அட்டை சரி. அலுமாரியைக் கிளறினார்கள், கட்டிலைப் புரட்டினார்கள். வெளிக்கிடும் நேரம் அதிகாரியின் சப்பாத்து ஈரச் சாக்கில் பட்டது. காலால் சாக்கைத் தள்ளிப் பார்த்தார். சிவப்புத் தரையின் நடுவே ஓர் ஆளைக் கிடத்தக்கூடிய அளவில், நாலு மூலையும் சரியாக, சாம்பல் நிறத்தில் புதுச் சீமெந்து.

"யட்ட மொனவத தியென்னே?" என்றார். கீழே என்ன இருக்கிறது?

"முக்குத் நே, சேர்" என்றார் என் கணவர். ஒன்றுமில்லை. பள்ளமாக இருந்தது, திருத்தினோம் என்று சிங்களத்தில் விளங்கப்படுத்தினார். அதிகாரி பொறுமையாகக் கேட்டார். கேட்டு முடித்து, சுவரில் சாத்தியிருந்த அலவாங்கை எடுத்து என் கணவர் கையில் கொடுத்தார்.

ஒரு நாள் வயதுச் சீமெந்து உடைக்கப் பெரிய பாடு இல்லை. அவர் குத்தக் குத்தப் பாளம் பாளமாக எழும்பியது. நான் குசினி வாசலில் நின்றேன். ரின் வெளியே வந்தால் அவரைத்தான் கொண்டுபோவார்கள். தரையை உடைத்தது அவர், வீட்டு ஆம்பிளை அவர். அவருக்கு ஒன்றும் தெரியாது என்று நான் நம்பினேன். அதனால்தான் தயங்காமல் குத்துகிறார் என்று நினைத்தேன். "நான்தான் வச்சனான்" என்று சொல்ல ஒரு மூச்சுப் போதும். அந்த மூச்சை நான் எடுக்கவில்லை.

அவர் ஒருமுறை நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் பார்வையை ஜன்னல் பக்கம் திருப்பினேன். பாதிக் குழி ஆனதும் அதிகாரியிடம் கேட்டுவிட்டு, "கொஞ்சம் தண்ணி தாரும்" என்றார். கொண்டுபோய்க் கொடுத்தேன். குடித்து முடித்தும் டம்ளரைத் தராமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் டம்ளரை இழுத்து எடுத்துக்கொண்டு குசினி வாசலுக்கு வந்துவிட்டேன். எழுதக் கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன்: அந்த நேரம் என் மனதில் ஓடியது, அவர் போனாலும் நான் மிஞ்சுவேன் என்பதுதான். தாலி கட்டிய மனுசனைப் பற்றி அப்படி ஒரு நினைப்பு எனக்குள் இருந்தது.

ஓட்டுத் துண்டுகள் வந்தன. செங்கல் வந்தது. பிறகு மண் வந்தது. ஓர் ஆமிக்காரர் இரும்புக் கம்பியால் மண்ணில் நாலைந்து இடத்தில் குத்திப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். ரின் இல்லை. "ஹரி" என்றார் அதிகாரி. சரி. இனி ஏதும் வேலை செய்தால் பொலிஸுக்குச் சொல்லிவிட்டுச் செய்யுங்கள் என்று சொல்லிப் போனார். எங்கள் படலையை அவரே சாத்திவிட்டுப் போனார்.

அவர்களின் காலடி அடுத்த வீட்டு வாசலுக்குப் போனதும் நான் குழிக்குள் இறங்கிவிட்டேன். கல்லைப் புரட்டினேன், மண்ணைக் கையால் கிளறினேன். எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று பார்த்தவர்கள் சொல்லியிருப்பார்கள். அவர் குழாயடியில் கை கழுவிவிட்டு வந்து விளிம்பில் குந்தினார்.

"ரின்னையோ தேடுறீர்?"

நான் இன்னொரு கல்லைப் புரட்டினேன்.

"நேற்றுக் காலமை இடிக்கேக்க ஓரிடத்திலை தகரச் சத்தம் கேட்டுது. கிண்டிப் பாத்தன். உள்ளுக்கை இருந்ததைப் பின்பக்கம் கொண்டுபோய் எரிச்சிட்டன்."

"எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லையே" என்று கத்தப் போனேன். வந்தது ஒரு கீச்சுக்குரல். "அவன்ரை முகம் இனி எனக்கு எங்கை இருக்கு?"

"நீரும்தானே எனக்குச் சொல்லேல்லை" என்றார். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

நான் குழிக்குள் இருந்தபடியே அழுதேன். அவன் பல்லும் சிரிப்பும் சாம்பலாகப் போனதை நினைத்துத்தான் அழுகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவர் உடைந்த சீமெந்துத் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஓரமாக வைத்துக்கொண்டு சொன்னார்.

"கிண்டேக்க ரெண்டு தரம் உம்மைப் பாத்தனான். ஏதும் சொல்லுவீரோ எண்டு."

நான் அழுகையை நிறுத்திவிட்டேன்.

"சொல்லாதது நல்லதுதான். சொல்லியிருந்தால் ரெண்டு பேரும் முடிஞ்சம்." இன்னொரு துண்டைப் பொறுக்கினார். "எண்டாலும் பாத்தனான்."

அரைப் பை சீமெந்து மிச்சம் இருந்தது. நான் எழும்பி மணலோடு அதைக் குழைக்கத் தொடங்கினேன். அவர் தண்ணீர் ஊற்றினார்.