வாடகையைக் கூட்ட விடமாட்டா

நியூஜெர்சியில் இருக்கும் என் அக்கா மகள் அமெரிக்கக் காங்கிரஸுக்குப் போவதற்காக, முதலில் கட்சிக்குள் நடக்கும் வேட்பாளர் தேர்தலில் நின்றாள். பெரிய நிறுவனங்களிடம் ஒரு சதமும் வாங்கமாட்டேன் என்று அறிவித்துவிட்டு, சாதாரண சனம் கொடுக்கும் சின்னச் சின்னத் தொகைகளையே நம்பியிருந்தாள். கனடாக்காரர் அதற்குக் காசு கொடுக்க அமெரிக்கச் சட்டம் விடாது என்று கேள்விப்பட்டபோது, உண்மையைச் சொன்னால், எனக்கு உள்ளூரச் சந்தோஷம்.

"அப்ப சனத்துக்குக் கோல் எடுத்துக் கதையுங்கோ சித்தி, அதுக்குத் தடையில்லை," என்றாள்.

தட்ட முடியவில்லை. கனடாவில், பியர்பொன்ட்ஸில் என் குசினியில் இருந்தபடி, அவளுடைய தொகுதித் தமிழருக்கு ஒவ்வொருவராகப் போன் எடுத்தேன்.

"பிள்ளை வந்தா, வீட்டுக்காரர் நினைச்ச மாதிரி வாடகையைக் கூட்ட விடமாட்டா. வாடகைக்கு இருக்கிற சனமும் மனுசர்தானே?"

அவளுடைய கொள்கைகளில் இதற்குத்தான் நல்ல வரவேற்பு. சொல்லச் சொல்ல என் குரலும் ஏறியது.

ஒரு பின்னேரம், எங்கள் பேஸ்மென்டில் வாடகைக்கு இருக்கும் பெண் படியேறி வந்தாள்.

"அக்கா, நீங்கள் போனில கதைக்கிறதெல்லாம் கீழ வடிவாக் கேக்குது."

அந்த மாதம் தொடக்கம் அவளுடைய வாடகையைக் கூட்டியிருந்தேன்.

"அந்தப் பிள்ளை கட்டாயம் வெல்லோணும் அக்கா. எங்களை மாதிரி ஆக்களுக்காகவெல்லோ கதைக்கிறா," என்றபடி, கூட்டிய வாடகையை மேசையில் வைத்தாள்.

எண்ணிப் பார்க்க மனம் வரவில்லை. திருப்பிக் கொடுக்கவும் வரவில்லை.