பிலோமினாவின் உப்புக் கரைசல்

அரியாலைக் கடற்கரையில் பிலோமினாவை 'கரண்டி டொக்டர்' என்று கூப்பிட்டவர் அவளுடைய சொந்த அண்ணன் செபநாயகம்தான். சுகாதாரத் தொண்டர் பயிற்சி முடித்த நாளிலிருந்து அவள் உப்பையும் சீனியையும் கரண்டியில் நிரப்பி, கத்தியால் வழித்துத்தான் அளப்பாள். ஆனாலும் நோயாளிகளின் வீடுகளுக்கு அவளைச் சைக்கிளில் ஏற்றிச் செல்லும் வேலையை அவர் வேறு எவருக்கும் விட்டதில்லை.

தொண்ணூற்றிரண்டில், போர்க்காலப் பொருளாதாரத் தடையால், வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் கொடுக்கும் மருந்துப் பைக்கற்றுகள் வராமல் போயின. அப்போதுதான் அயல்வீட்டுச் சிசிலியாவின் தவழும் மகனுக்கு வயிற்றோட்டம் கண்டது. கண்கள் குழிவிழுந்து துவண்டு கிடந்தான். சிசிலியா வழக்கப்படி அவனைப் பட்டினி போட்டிருந்தாள்.

"தண்ணியும் பாலும் நிப்பாட்டக் கூடாதெண்டு இப்ப ஆராய்ச்சியிலை கண்டிருக்கினம், அக்கா" என்றபடி பிலோமினா கொதித்தாறிய நீரில் கரைசல் கலக்கினாள். கண்ணீரை விட உப்புக் கூடக் கூடாது என்பது அவள் படித்த பாடம். சுவைத்தாள், சரியாக இருந்தது. சிசிலியாவும் சுவைத்துத் தலையாட்டினாள். பிள்ளை மட்டும் துப்பினான்.

கொக்குவிலில் தச்சுவேலை செய்து அந்த ஊரின் உவர்ப்பில்லாத தண்ணீருக்குப் பழகிய செபநாயகம் ஒரு வாய் குடித்தார்.

"எடியே, முழுக் கடலையுமெல்லே கரைச்சு வைச்சிருக்கிறாய்! இந்தக் கிணத்துச் சவர்த்தண்ணியைக் குடிச்சு உங்கடை நாக்குச் செத்துப் போச்சு."

கிணற்று நீரிலேயே இருந்த உப்பைக் கணக்கில் எடுக்காதது அப்போதுதான் பிலோமினாவுக்கு உறைத்தது. "பகிடி விட்டது போதும். போய் நல்ல தண்ணி அள்ளிக்கொண்டு வாங்கோ, அண்ணை!"

அவர் றோட்டடிக் கிணற்றிலிருந்து கொண்டுவந்தார். மறுபடி கொதிக்கவைத்து, ஆற்றி, கரைத்து, கரண்டி கரண்டியாகப் பருக்கினாள். மத்தியானம் பிள்ளை அவள் மடியிலேயே சிறுநீர் கழித்தான்.

"மூத்திரம் பேஞ்சிட்டான்! உடம்பிலை தண்ணி பிடிச்சிட்டுது, இனிப் பயமில்லை!" என்று பிலோமினா கத்தினாள்.

"சீலை நனைஞ்சதுக்கு இப்பிடித் துள்ளுற ஆளை இண்டைக்குத்தான் பாக்கிறன்" என்றார் செபநாயகம்.

பின்னேரம் தங்கையின் கெட்டித்தனத்தைச் சந்தியெல்லாம் சொல்லித் திரிந்தவரும் அவர்தான். கிணறு மாறிய கதையை மட்டும் ஒருவரிடமும் சொல்லவில்லை.